சோவியத் ஓவியரின் நீர்வண்ணத் தாளில் வெளிநாட்டுக் கட்டடம்: ஏலத்தில் பார்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஐரோப்பிய ஏல நிறுவனங்களின் பட்டியல்களில் அவ்வப்போது இப்படி ஒரு பதிவு வரும்: சோவியத் ஓவியர் ஒருவரின் பெயர், அதன் கீழே பாரிஸ், ரோம் அல்லது பெர்லினில் உள்ள ஒரு கட்டடத்தின் பெயர், "தாள், நீர்வண்ணம், பென்சில்" என்ற குறிப்பு, ஓர் ஆண்டு, ஒரு மதிப்பீட்டு விலை. படம் பெரும்பாலும் சிறியதாக இருக்கும். விலையும் எண்ணெய் ஓவியங்களைப் போல மிரட்டாது. இத்தகைய தாள்களைப் பல ஆண்டுகளாக ஆர்வத்தோடு கவனித்து வருபவன் என்ற முறையில், என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவ்வகைத் தாளில் கையொப்பத்தைக் கடைசியாகப் பாருங்கள். கட்டடத்தையும், அதன் முன்னால் ஓவியரைக் கொண்டுபோய் நிறுத்திய பயணத்தையும் முதலில் பாருங்கள்.

சோவியத் ஓவியர் ஒருவர் வெளிநாட்டுக் கட்டடத்தைத் தீட்டியிருப்பதில் அப்படி என்ன தனிச்சிறப்பு?

பிரெஞ்சு ஓவியர் ஒருவர் ரோமுக்குப் போக வேண்டுமானால் ரயில் கட்டணம் கையில் இருந்தால் போதும். சோவியத் ஓவியருக்கு அப்படியில்லை. நாட்டை விட்டு வெளியே செல்ல அரசின் அனுமதி வேண்டும். அந்த அனுமதி கிடைக்க, அவரை அனுப்பிவைக்கும் ஓர் அமைப்பு வேண்டும். ரஷ்ய மொழியில் "கமாந்திரோவ்கா" என்று அழைக்கப்பட்ட அலுவல் பயணமாகவே பெரும்பாலான ஓவியர்கள் எல்லையைத் தாண்டினார்கள். யார் அனுப்பினார்கள், எந்தக் கண்காட்சிக்காக, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை என்பதெல்லாம் பல ஓவியர்களின் வாழ்க்கை வரலாற்றில் பதிவாகியிருக்கின்றன. மாஸ்கோவின் தெரு ஒன்றைக் காட்டும் தாளை மாஸ்கோ ஓவியர் தம் வாழ்நாளின் எந்த நாளிலும் தீட்டியிருக்கலாம். ரோமின் தெருவைக் காட்டும் தாளையோ, அவர் ரோமில் இருந்த சில வாரங்களுக்குள்தான் நேரில் தீட்டியிருக்க முடியும். ஆகவே இத்தகைய தாளைச் சோதித்துப் பார்க்க ஒரு பிடி கிடைக்கிறது. மற்றப் பல படங்களுக்கு இந்த வசதி இல்லை.

எந்த ஓவியர்கள், எப்போது, எங்கே சென்றார்கள்?

எல்லோரையும் இங்கே சொல்லிவிட முடியாது. ஏலத்தில் பெயர் அடிபடும் சிலரை மட்டும் சொல்கிறேன்.

எவ்கேனி லான்செரே 1922இல் அங்காராவுக்குச் சென்றார். துருக்கியின் விடுதலைப் போர் முடிவை நெருங்கிய அந்தக் கோடையில் அவர் தீட்டியவையும் எழுதியவையும் சேர்ந்து 1925இல் "அங்கோராவில் ஒரு கோடை" என்ற நூலாக வெளிவந்தன. அங்கோரா என்பது அங்காராவின் பழைய பெயர். 1927இல் அவர் பாரிஸுக்கும் போனார்.

மரச்செதுக்கு அச்சுகளுக்குப் பெயர்பெற்ற அன்னா ஒஸ்த்ரோஉமோவா-லேபெதேவா, புரட்சிக்கு முன்பே பாரிஸில் விஸ்லரின் ஓவியப் பள்ளியில் பயின்றவர். இத்தாலி, ஹாலந்து, ஸ்பெயின் என்று சுற்றியவர். 1926இல் மீண்டும் பாரிஸுக்குச் சென்று நீர்வண்ணத்தில் தீட்டினார். எண்ணெய் வண்ணத்தின் வாடை அவருக்கு ஆஸ்துமாவைத் தூண்டியதால், நீர்வண்ணம் அவருக்கு உயிர்மூச்சோடு தொடர்புடைய தேர்வாக அமைந்தது. அவருடைய நகரக் காட்சிகளைப் பார்க்கும்போது இந்தச் செய்தி எனக்கு எப்போதும் நினைவுக்கு வரும்.

ஆர்மீனிய ஓவியர் மார்த்திரோஸ் சர்யான் 1926 முதல் 1928 வரை பாரிஸில் இருந்தார். அங்கே அவர் காட்சிக்கு வைத்த ஓவியங்களில் பெரும்பாலானவை, தாயகம் திரும்பும் வழியில் கப்பலில் பிடித்த தீயில் அழிந்துபோயின. சர்யானின் அந்தக் காலத்துப் படைப்பு என்று சொல்லி ஏதாவது ஏலத்துக்கு வந்தால், அந்தத் தீயிலிருந்து அது எப்படித் தப்பியது என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

ராபர்ட் ஃபால்க் 1928இல் பாரிஸுக்குச் சென்று 1937 வரை அங்கேயே தங்கிவிட்டார். ஒன்பது ஆண்டுகள் என்பதால் அவருடைய பாரிஸ் தாள்கள் எண்ணிக்கையில் அதிகம்; தேதியை மட்டும் வைத்து அவற்றைச் சோதிப்பது கடினம். திரும்பிய பிறகு அவருக்குத் தாய்நாட்டில் பெரிய வரவேற்பு கிடைக்கவில்லை. 1958இல் அவர் மறைந்த பின்பு, அவருடைய மனைவி ஆஞ்சலீனா ஷேகின்-குரோத்தவா படைப்புகளைக் காத்து, பட்டியலிட்டு, அருங்காட்சியகங்களுக்கு வழங்கினார். ஃபால்க்கின் தாள் ஒன்று ஆஞ்சலீனாவின் கைவழியாக வந்தது என்பதற்குச் சான்று இருந்தால், அது வலிமையான சான்று.

அலெக்சாந்தர் தெய்னேகாவுக்கு நம் கேள்வியில் தனி இடம் உண்டு. சோவியத் கலைக் கண்காட்சி ஒன்று ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கியதையொட்டி அமெரிக்கா சென்றவர், 1935இல் நியூயார்க்கையும் வாஷிங்டனையும் பார்த்து, பாரிஸ், ரோம் வழியாகத் திரும்பினார். போர் முடிந்த 1945இல் அவர் பெர்லினில் இருந்தார். இடிந்து கிடந்த அந்த நகரத்தைத் தாள்களில் தொடர் வரிசையாகத் தீட்டினார். விளையாட்டு வீரர்களையும் தொழிலாளர்களையும் உரமான உடல்களோடு வரைந்த அதே கை, வெறுமையான சன்னல்களையும் கூரையற்ற சுவர்களையும் எவ்வளவு அமைதியாகப் பதிவு செய்திருக்கிறது என்பதைப் பார்த்தவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள்.

பயணத்தில் நீர்வண்ணத்தையே பலரும் ஏன் தேர்ந்தெடுத்தார்கள்?

சிறிய வண்ணப்பெட்டி, ஒரு தாள்கோப்பு, கொஞ்சம் தண்ணீர் இருந்தால் போதும். எண்ணெய் வண்ணம் காய நாட்கள் ஆகும். நீர்வண்ணம் சில நிமிடங்களில் காய்ந்து, பெட்டிக்குள் தட்டையாக அடங்கிவிடும். நாளை வேறொரு நகரத்துக்கு ரயிலேற வேண்டியவருக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை.

பட்டியலில் "கையொப்பமிடப்பட்டது" என்பதும் "கையொப்பம் காணப்படுகிறது" என்பதும் ஒன்றுதானே?

இல்லை, வாங்குபவர் பணத்தை இழப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். முதல் சொல், கையொப்பம் அந்த ஓவியருடையதே என்று ஏல நிறுவனம் கருதுவதைக் குறிக்கும். இரண்டாவது சொல், தாளில் ஒரு பெயர் எழுதப்பட்டிருக்கிறது, ஆனால் அது வேறொருவரின் கையாக இருக்கலாம் என்று அதே நிறுவனம் கருதுவதைக் குறிக்கும். அதேபோல ஓவியரின் முழுப் பெயர் மட்டும் இருந்தால் ஒரு பொருள். "அவருடையதாகக் கருதப்படுவது", "அவருடைய வட்டத்தைச் சேர்ந்தவர்", "அவருடைய பாணியில்" என்று அடைமொழி சேரும்போது பொறுப்பு படிப்படியாகக் குறைகிறது. ஒவ்வொரு நிறுவனமும் இச்சொற்களுக்கான விளக்கத்தைப் பட்டியலின் கடைசிப் பக்கங்களில் அச்சிட்டிருக்கும். படத்தைப் பார்ப்பதற்கு முன்பே அந்தப் பக்கத்தைப் படித்துவிடுவது நல்லது.

தாளில் உள்ள ரஷ்ய எழுத்தை எனக்குப் படிக்கத் தெரியாது. என்ன செய்வது?

முழு மொழியும் தேவையில்லை; எழுத்துகளைப் பழகிக்கொள்ள ஒரு வாரம் போதும். ஆங்கிலப் "பி" போலத் தோன்றும் எழுத்து அங்கே "ர்" என்று ஒலிக்கும். "சி" போன்றது "ஸ்". "எச்" போன்றது "ந்". நகரப் பெயர்களும் சற்று மாறும்: பாரிஸ் அங்கே "பரீஷ்", ரோம் "ரீம்", வியன்னா "வேனா". ஏல நிறுவனத்தின் மொழிபெயர்ப்பை நம்பாமல், பென்சில் குறிப்பின் பெரிதாக்கிய படத்தைக் கேட்டு வாங்கி, எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள்.

இதில் இன்னொரு பயனும் உண்டு. 1918இல் ரஷ்ய எழுத்துமுறை சீர்திருத்தப்பட்டு, சொல்லின் இறுதியில் வந்த ஒலியற்ற குறியும் வேறு சில எழுத்துகளும் நீக்கப்பட்டன. பழைய முறையில் படித்த மூத்த தலைமுறையினர் 1920களிலும் பழக்கத்தால் பழைய எழுத்தை எழுதியிருக்கலாம். ஆனால் 1911 என்று தேதியிட்ட தாளில் புதிய முறை எழுத்து இருந்தால், அந்தக் குறிப்பு பின்னால் எழுதப்பட்டது என்றே முதலில் எண்ண வேண்டும்.

கட்டடத்தை வைத்துத் தேதியைச் சரிபார்ப்பது எப்படி?

இதுவே இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த வேலை. கட்டடங்கள் எரிகின்றன, இடிக்கப்படுகின்றன, கோபுரத்தை இழக்கின்றன, புதுச்சிலை பெறுகின்றன. ஒவ்வொன்றுக்கும் பதிவான தேதி இருக்கிறது. போலி செய்பவர் கையொப்பத்தை ஒரு வாரம் பழகிப் பார்ப்பார். கட்டடத்தின் வரலாற்றைப் படிக்கப் பெரும்பாலும் மெனக்கெடமாட்டார்.

பெர்லினின் ரைஹ்ஸ்டாக் நாடாளுமன்றக் கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். பால் வாலோட் வடிவமைத்த இது 1884 முதல் 1894 வரை கட்டப்பட்டது; 1933 பிப்ரவரியில் தீப்பிடித்தது; 1945 ஏப்ரல் இறுதியில் செஞ்சேனை அதைத் தாக்கிக் கைப்பற்றியது. அதன் பிறகு, கண்ணாடி இழந்த குவிமாடத்தின் இரும்புக்கூடு வானத்தில் எலும்பு போல நின்றது. அந்தக் கூடு 1954 நவம்பரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. இன்று நாம் காணும் கண்ணாடிக் குவிமாடம் 1999இல் வந்தது. ஆகவே இரும்புக்கூட்டோடு கட்டடத்தைக் காட்டும் தாள் நேரில் தீட்டப்பட்டதாயின் 1945க்கும் 1954க்கும் இடைப்பட்டது. இன்னும் நெருங்கலாம். அருகிலுள்ள தியர்கார்ட்டன் பூங்காவின் மரங்கள் போருக்குப் பிந்தைய குளிர்காலத்தில் விறகுக்காக வெட்டப்பட்டன. அந்த நிலத்தில் மக்கள் உருளைக்கிழங்கும் காய்கறியும் பயிரிட்டார்கள். அதே பூங்காவில் சோவியத் போர் நினைவுச்சின்னம் 1945 நவம்பரில் திறந்துவைக்கப்பட்டது. "மே 1945" என்று எழுதப்பட்ட தாளின் ஓரத்தில், கட்டி முடித்த நினைவுச்சின்னத்தின் தூண்கள் தெரிந்தால், தேதி தவறு அல்லது தாள் தவறு.

பிராண்டன்பர்க் வாயிலின் உச்சியில் நான்கு குதிரைகள் பூட்டிய தேர்ச்சிலை இருக்கிறதே, அதுவும் ஒரு நாட்காட்டிதான். போரில் அது சிதைந்தது. மிச்சம் 1950இல் இறக்கப்பட்டது. புதிய நகல் 1958இல் ஏற்றப்பட்டது. வாயிலின் தலை வெறுமையாக இருந்தால் அந்த எட்டு ஆண்டுகளுக்குள் தேட வேண்டும். பெர்லின் அரண்மனையின் இடிபாடு 1950 இறுதியில் முற்றிலும் தகர்க்கப்பட்டது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பாரிஸில் இதற்கு இணையான சான்று த்ரோகதேரோ மேடு. 1878 உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய பழைய அரண்மனை, இரண்டு உயர்ந்த கோபுரங்களோடு அங்கே நின்றது. 1935இல் அதை இடிக்கத் தொடங்கி, 1937 கண்காட்சிக்குள் நீண்ட வளைந்த சிறகுகளைக் கொண்ட ஷாயோ அரண்மனையைக் கட்டினார்கள். 1926இல் அங்கே தீட்டிய ஒஸ்த்ரோஉமோவா-லேபெதேவா பழைய கோபுரங்களை மட்டுமே பார்த்திருக்க முடியும். ஃபால்க் இரண்டையும் பார்த்தவர். ஃபால்க்கின் பெயரோடு வரும் தாளில் புதிய அரண்மனை இருந்தால் அதில் முரண் இல்லை. ஆனால் 1930 என்று தேதி இருந்தால் முரண் உண்டு.

கட்டடமும் ஆண்டும் பொருந்திவிட்டால் தாள் உண்மையானதுதானே?

பொருந்தாமை ஒரு தாளை விலக்கப் போதுமானது. பொருத்தம் அதை ஏற்கப் போதுமானதன்று. ரைஹ்ஸ்டாக்கின் இடிபாட்டைக் காட்டும் புகைப்படங்கள் உலகெங்கும் அச்சாகியவை. அவற்றைப் பார்த்து எந்த ஆண்டிலும் யாரும் தீட்டலாம். உண்மையான சோவியத் ஓவியர்களே கூட ஊர் திரும்பிய பின் பட்டறையில் உட்கார்ந்து, பயணக் குறிப்புகளையும் புகைப்படங்களையும் வைத்துத் தீட்டியிருக்கிறார்கள். அது போலியன்று, ஆனால் நேரில் தீட்டிய தாளும் அதுவும் ஒரே விலைக்குரியவை அல்ல.

நேரில் தீட்டிய தாளுக்குச் சில அடையாளங்கள் உண்டு. பலகையில் குத்திய ஊசித் துளைகள் மூலைகளில் இருக்கும். கண் உயரத்திலிருந்து, நிற்கவோ உட்காரவோ முடிகிற இடத்திலிருந்து காட்சி விரியும். நிழல் ஒரே நேரத்துச் சூரியனைச் சொல்லும். பென்சிலில் நிறத்தின் பெயரைக் குறித்துவிட்டு, நிறம் பூசாமல் விட்ட பகுதி இருக்கும். கீழ்ப்பகுதி அவசரமாக முடிந்திருக்கும். காவலரோ மழையோ துரத்தியிருக்கலாம். புகைப்படத்திலிருந்து வந்த தாளிலோ, மனிதரால் நின்று பார்க்க முடியாத உயரத்திலிருந்து காட்சி தொடங்கும், நடந்துபோகிறவர்கள் காலைத் தூக்கியபடி உறைந்து நிற்பார்கள், எல்லாச் சன்னல்களும் ஒரே அக்கறையோடு எண்ணி வரையப்பட்டிருக்கும். இவற்றில் ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. ஐந்தாறு அடையாளங்கள் ஒரே பக்கம் சாயும்போதுதான் சொல்லலாம்.

தாளும் நிறமும் என்ன சொல்லும்?

மூன்று சோதனைகளைக் கேட்டுப் பெறலாம். முதலாவது புற ஊதா விளக்கு. தாளை வெண்மையாகக் காட்டும் ஒளிர்வு வேதிப்பொருள்களைத் தாள் தொழிற்சாலைகள் பரவலாகப் பயன்படுத்தத் தொடங்கியது போருக்குப் பிறகு, பெரும்பாலும் 1950கள் முதல். 1935 என்று எழுதிய தாள் அந்த விளக்கில் பளீரென நீலவெண்மையாக ஒளிர்ந்தால், அதை விட்டு விலகுங்கள். இரண்டாவது நிறமி ஆய்வு. தாலோ நீலம் எனப்படும் செயற்கை நீலம் 1935இல்தான் சந்தைக்கு வந்தது. அதன் பச்சை வகை 1938இல். 1926 பாரிஸ் தாளின் வானத்தில் அந்த நீலம் இருக்க வழியே இல்லை. மூன்றாவது நீர்க்குறி: தாளை ஒளிக்கு எதிரே பிடித்தால் தெரியும் ஆலை அடையாளம். இங்கிலாந்தின் வாட்மன் ஆலை தன் நீர்க்குறியில் ஆண்டையே பதித்த காலம் உண்டு.

இங்கே ஒரு குழப்பத்தையும் நீக்கிவிட வேண்டும். ரஷ்ய மொழியில் தடித்த வரைதாள் எதையும் "வாத்மன்" என்று சொல்லிவிடுவார்கள். நம் ஊரில் ஒளிநகல் எதையும் ஜெராக்ஸ் என்பது போல. பட்டியலில் அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு ஆங்கிலேய ஆலையின் விலையுயர்ந்த தாள் என்று எண்ணிவிடாதீர்கள்.

படத்தின் பின்புறத்தை ஏன் கேட்க வேண்டும்?

முன்புறம் ஓவியர் பேசியது. பின்புறம் அந்தத் தாளின் வாழ்க்கை. கண்காட்சிச் சீட்டு, ஓவியர் சங்கத்தின் அல்லது கலை நிதியத்தின் முத்திரை, பழைய பொருள் கடையின் விலைச்சீட்டு, ஏற்றுமதி அனுமதி முத்திரை, வாரிசின் கையெழுத்து என்று எது வேண்டுமானாலும் இருக்கலாம். 50 ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருள் ரஷ்யாவிலிருந்து வெளியேற நிபுணர் ஆய்வும் அனுமதியும் வேண்டும் என்பதால், அண்மையில் வெளியே வந்ததாகச் சொல்லப்படும் தாளுக்கு அந்த ஆவணம் எங்கே என்று கேட்பது நியாயமான கேள்வி. அருங்காட்சியகத்தின் சேர்க்கைப் பதிவேட்டு எண் பின்புறம் இருந்தால் நின்று யோசியுங்கள். அருங்காட்சியகம் அதை முறையாக விலக்கி விற்றது என்பதற்கு எழுத்துச் சான்று இல்லாமல் அந்தத் தாளைத் தொடக்கூடாது.

தாள் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் நிலை அறிக்கையை, சட்டகத்திலிருந்து எடுக்காமல் எழுதியிருந்தால், எடுத்துப் பார்த்து மீண்டும் எழுதித் தரும்படி கேளுங்கள். நாணயமான நிறுவனம் மறுக்காது.

இந்த வகையில் போலிகள் எப்படி உருவாகின்றன?

வெறும் தாளில் தொடங்குவதைவிட எளிய வழி ஒன்று இருக்கிறது. அதுதான் அதிக ஆபத்தானது. 2004இல் லண்டனில், ரஷ்ய இயற்கைக்காட்சி ஓவியர் இவான் ஷிஷ்கினின் படைப்பு என்று ஓர் எண்ணெய் ஓவியம் 5,50,000 முதல் 7,00,000 பவுண்டு வரையிலான மதிப்பீட்டோடு ஏலத்துக்கு வந்தது. அது உண்மையில் டச்சு ஓவியர் மரினஸ் கூக்கூக்கின் படம் என்று தெரிந்து, கடைசி நேரத்தில் விலக்கப்பட்டது. முந்தைய ஆண்டு சுவீடனில் சுமார் 65,000 டாலருக்கு விற்ற படத்தில், சில உருவங்களை அழித்து, ஷிஷ்கினின் பெயரைச் சேர்த்திருந்தார்கள். ரஷ்யக் கலைக்கு விலை ஏறிய அந்த ஆண்டுகளில், மேற்கு ஐரோப்பாவின் பெயர் அறியாத படங்கள் இப்படிப் பெயர் மாறின.

நம் தாள்களுக்கு இது இன்னும் பொருந்தும். ஷிஷ்கினுக்காக ஒரு டச்சு நிலத்தை ரஷ்ய நிலமாக்க வேண்டியிருந்தது. வெளிநாட்டு நகரக் காட்சியில் அந்தச் சிரமமும் இல்லை. 1945இல் தன் சொந்த நகரத்தின் இடிபாட்டைத் தீட்டிய ஒரு ஜெர்மானியரின் உண்மையான தாள், உண்மையான பழைய நிறம், உண்மையான பெர்லின். அதன் மூலையில் ஒரு ரஷ்யக் கையொப்பத்தை மட்டும் சேர்த்தால் போதும். மேலே சொன்ன தாள், நிறமி, கட்டடச் சோதனைகள் அனைத்தையும் அது கடந்துவிடும். அப்போது துணைக்கு வருபவை இரண்டு: ஓவியரின் கை எப்படி இயங்கும் என்ற அறிவு, தாள் யார் யார் கையில் இருந்தது என்ற தொடர் சான்று. கையொப்பத்தின் மை பழைய அழுக்கின் மேல் ஓடியிருக்கிறதா என்று உருப்பெருக்கியில் பார்ப்பதும் உதவும்.

கட்டடம் நுட்பமாக வரையப்பட்டிருந்தால் ஓவியர் பெரியவர் என்று கொள்ளலாமா?

அவசரப்பட வேண்டாம். வரைந்தவர் கட்டடக் கலைஞராக இருக்கலாம். சோவியத் கட்டடக் கலைஞர்கள் நீர்வண்ணத்தில் தேர்ந்த பயிற்சி பெற்றவர்கள். மாஸ்கோவில் கட்டத் திட்டமிட்டு நிறைவேறாமல் போன சோவியத் மாளிகையை வடிவமைத்த போரிஸ் இயோஃபான் ரோமில் படித்து, 1924இல்தான் மாஸ்கோ திரும்பினார். அளவுகோலை ஒட்டிய பென்சில் கோடு, துல்லியமான தூண் விகிதம், சீரான மென்பூச்சு ஆகியவை அந்தக் கல்வியின் தடங்கள். இத்தகைய தாள்களும் அழகானவை, வாங்கத் தகுந்தவை. ஓவியர் ஒருவரின் பெயரை அவற்றின் மேல் ஏற்றி விற்பதுதான் தவறு.

"சோவியத்" என்று எழுதுவதா, "ரஷ்ய" என்று எழுதுவதா?

சர்யானை ரஷ்ய ஓவியர் என்று எழுதுவது பிழை. உக்ரைன், ஜார்ஜியா, ஆர்மீனியா, மத்திய ஆசியா என எங்கே பிறந்து வளர்ந்தவர் என்று பார்த்து எழுதுவதே சரி.

இவற்றின் விலையை எது தீர்மானிக்கிறது?

1988 ஜூலையில் மாஸ்கோவில் சோதபிஸ் ஏல நிறுவனம் நடத்திய ஏலம் சோவியத் கலையை உலகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அன்று கிரிஷா புரூஸ்கினின் ஓவியம் ஒன்று 4,00,000 டாலருக்கும் மேல் போனதை உலகமே வியந்து பார்த்தது. அந்த வெளிச்சம் பயணத் தாள்கள் மேல் மிகக் குறைவாகவே விழுந்தது. தாள் படைப்பு எண்ணெய் ஓவியத்தைவிட விலை குறைவு என்பது பொது வழக்கு. அதற்குள்ளே, ஓவியரின் வாழ்வில் முக்கியமான பயணத்தைச் சேர்ந்ததா, நகரமும் கட்டடமும் அடையாளம் காணத்தக்கவையா, கண்காட்சியில் வைக்கப்பட்டதா, நிறம் மங்காமல் இருக்கிறதா என்பவை விலையைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும். ஒன்றைச் சொல்ல வேண்டும்: புகழ்பெற்ற கட்டடத்துக்குச் சந்தை கொடுக்கும் கூடுதல் விலை எனக்கு ஒப்புடையதன்று. ஈஃபில் கோபுரத்தைக் காட்டும் சாதாரணத் தாளைவிட, பெயர் தெரியாத பாரிஸ் முற்றம் ஒன்றை ஃபால்க் சாம்பலும் ஊதாவுமாகக் கரைத்துத் தீட்டியிருந்தால் அதுவே உயர்ந்தது.

மதிப்பீட்டு விலைக்குள் வாங்கிவிட்டால் அவ்வளவுதான் செலவா?

இல்லை. ஏலக்காரர் சுத்தியலைத் தட்டும் விலைக்கு மேல் வாங்குபவர் கட்டணம் உண்டு. பெரிய நிறுவனங்களில் அது பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் மேல் இருக்கும்; நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். லண்டனில் 5,000 பவுண்டுக்கு முடிந்த ஒரு தாளைக் கணக்கிடுவோம். 26 சதவீதக் கட்டணம் 1,300 பவுண்டு. அந்தக் கட்டணத்தின் மேல் 20 சதவீத வரி 260. ஓவியர் மறைந்து 70 ஆண்டு ஆகாமலும், மறுவிற்பனையில் ஓவியரோ வாரிசோ பங்கு பெறும் உரிமை அவர் நாட்டவருக்குப் பொருந்துவதாகவும் இருந்தால், அந்த மறுவிற்பனைப் பங்கு 4 சதவீதம், அதாவது 200. மொத்தம் 6,760. பிறகு பொதி, காப்பீடு, விமானக் கட்டணம், இறங்கும் நாட்டின் சுங்கம். ஏலத்தில் கை உயர்த்துவதற்கு முன்பு இந்தக் கணக்கை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அறையின் சூட்டில் யாருக்கும் கணக்கு வராது.

2022க்குப் பிறகு இந்தச் சந்தைக்கு என்ன ஆயிற்று?

உக்ரைன் மீதான படையெடுப்புக்குப் பின், அந்த ஆண்டு ஜூனில் லண்டனில் நடக்க வேண்டிய ரஷ்யக் கலை ஏலங்களைப் பெரிய நிறுவனங்கள் நிறுத்திவிட்டன. ரஷ்யாவுக்குக் கலைப்பொருள் உள்ளிட்ட ஆடம்பரப் பொருள்களை ஏற்றுமதி செய்யவும் மேற்கு நாடுகள் தடை விதித்தன. அந்நாடுகளின் பொருளாதாரத் தடைப்பட்டியலில் உள்ளவர் ஒருவரிடமிருந்து தாள் வந்திருந்தால், வாங்கியவரின் பணமும் பொருளும் சிக்கிக்கொள்ளும். விற்பவர் யார் என்பதை நிறுவனம் சரிபார்த்ததா என்று எழுத்தில் கேளுங்கள்.

வாங்கிய தாளை எப்படிப் பாதுகாப்பது?

வெளிச்சமே முதல் எதிரி. அருங்காட்சியகங்கள் நீர்வண்ணத்தை 50 லக்ஸ் அளவு மங்கலான ஒளியில், சில மாதங்கள் மட்டும் காட்டி, பிறகு இருட்டில் ஓய்வு கொடுக்கின்றன. பழைய அமில அட்டை தாளின் ஓரத்தைப் பழுப்பாக்கும். அமிலமற்ற அட்டைக்கு மாற்றச் சொல்லுங்கள். ஈரப்பதம் மிகுந்த கடலோர ஊரில் பழுப்புப் புள்ளிகளும் பூஞ்சையும் விரைவில் வரும். கண்ணாடி தாளைத் தொடக்கூடாது. பழைய ஒட்டுத்தாளை நீங்களே உரிக்கவும் கூடாது. அதில் எழுத்திருந்தால் சான்று போய்விடும்.

தாள் என்னுடையது, அதன் படத்தை நூலில் அச்சிடலாமா?

தாளின் உடைமை வேறு, பதிப்புரிமை வேறு. தெய்னேகா 1969இல் மறைந்தார். இந்தியச் சட்டப்படி ஓவியர் மறைந்த பின் 60 ஆண்டு என்பதால், 2029 முடியும் வரை அவர் படைப்புகளுக்கு இங்கே பாதுகாப்பு உண்டு. ரஷ்யாவில் அது 70 ஆண்டு. போர்க்காலத்தில் பணியாற்றியவர்களுக்கு மேலும் 4 ஆண்டு.

கட்டடம் எது என்றே தெரியாத தாளை வாங்கலாமா?

படம் உங்களைப் பிடித்து நிறுத்துகிறது என்றால், விலை அடக்கமாக இருக்கிறது என்றால், வாங்கலாம். ஆனால் ஏலத்துக்கு முன் ஒரு மாலையையாவது தேடலுக்குக் கொடுங்கள். தேவாலய மணிக்கூண்டின் வடிவம், டிராம் வண்டியின் நிறம், கடைப்பலகையில் பாதி தெரியும் எழுத்து, தெருவிளக்கின் வளைவு என ஒவ்வொன்றாக எடுத்து, ஓவியர் சென்ற நகரங்களின் பழைய அஞ்சலட்டைகளோடு ஒப்பிடுங்கள். 1947இல் தெய்னேகா உள்ளிட்ட நான்கு சோவியத் ஓவியர்களின் கண்காட்சி வியன்னாவிலும் பிராகிலும் நடந்தது என்பது போன்ற பயணச் செய்திகளை முன்னால் வைத்துக்கொண்டால், தேட வேண்டிய நகரங்கள் நான்கைந்தாகச் சுருங்கிவிடும். அந்த நகரங்கள் எதிலும் அப்படியொரு கட்டடம் இருந்ததில்லை என்று தெரிந்தால், கையொப்பம் எவ்வளவு அழகாக இருந்தாலும், ஓவியரின் பெயருக்கான விலையைக் கொடுக்காதீர்கள். தாளுக்கு என்ன தகுமோ அதை மட்டும் கொடுங்கள்.